ஸதகா: ஒரு சொல்லின் வேரும் விழுதும்

நம்மவர் வாழ்வில் அதிகம் புழங்கும் அறபுச் சொற்களில் ஒன்று ஸதகா. பேச்சில் அது 'சதக்கா' ஆகிவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது வாசலில் நிற்பவரின் கையில் வைக்கும் காசு சதக்கா. பிள்ளையின் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் தலையைச் சுற்றி எடுத்து யாருக்காவது கொடுப்பது சதக்கா. வெளிநாடு புறப்பட்டால் சதக்கா, கெட்ட கனவு கண்டாலும் சதக்கா. இவையெல்லாம் தவறென்று சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் ஒரு பெரிய சொல் சட்டைப் பையில் கிடக்கும் சில்லறையின் அளவுக்குச் சுருங்கிப்போயிருக்கிறது. அது எங்கிருந்து புறப்பட்டது, வழியில் எதையெல்லாம் சுமந்தது, எவற்றை இறக்கிவிட்டு நம்மிடம் வந்து சேர்ந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரை. சொல்லாராய்ச்சிக்காக மட்டும் இதை எழுதவில்லை. கொடுப்பதற்கு நாம் வைக்கும் பெயருக்கும், வாங்குபவரை நாம் நிறுத்தி வைக்கும் இடத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

அறபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளைக் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. ஸதகாவின் வேர் ஸாத், தால், காஃப். அதன் முதற்பொருள் உண்மை. ஸித்க் என்றால் வாய்மை. ஸாதிக் என்றால் உண்மை பேசுபவர். ஸதீக் என்றால் நண்பர், அதாவது நம்மோடு உண்மையாக இருப்பவர். தஸ்தீக் என்றால் ஒன்றை மெய்யென ஏற்று உறுதிப்படுத்துவது. முதலாம் கலீபா அபூபக்கர் (ரழி) அவர்களின் சிறப்புப் பெயரான ஸித்தீக் இதே வேரில் பிறந்தது. நம் ஊர்களில் சாதிக், சித்தீக் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தங்கள் பெயரும் தாங்கள் கொடுக்கும் சதக்காவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

உண்மைக்கும் கொடுத்தலுக்கும் என்ன உறவு? ஈமான் கொண்டேன் என்று நாவால் சொல்வது எளிது. அந்தச் சொல் மெய்யா பொய்யா என்பது, மனிதன் மிகவும் நேசிக்கும் பொருளில் கைவைக்கும்போதுதான் தெரியவரும். ஸதகா என்பது கொடுப்பவர் தம் வாக்கு மெய்யென்று காட்டும் செயல். ஸதகாவை ஒரு சான்று என்று நபிகளார் (ஸல்) குறிப்பிட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழி இந்தப் பொருளை ஒட்டியதே. குர்ஆனியச் சொற்களுக்கு அகராதி செய்த ராகிப் அல் இஸ்பஹானியும் இந்த உறவைக் கவனித்திருக்கிறார். ஸதகா என்பது அடிப்படையில் விரும்பிக் கொடுப்பதைக் குறிக்கும் என்று சொல்லும் அவர், கடமையாகக் கொடுப்பவரும் தம் செயலில் வாய்மையை நாடினால் அதற்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்கிறார்.

இந்த வேர் அறபுக்கு மட்டும் உரியதன்று. அறபின் உறவு மொழியான ஹீப்ருவில் ஸெதாகா என்றொரு சொல் உண்டு. யூத வேதத்தின் பழைய பகுதிகளில் அதற்கு நீதி, நேர்மை என்று பொருள். பின்வந்த யூத அறிஞர்களின் காலத்தில் அதே சொல் ஏழைக்குக் கொடுப்பதைக் குறிக்கலாயிற்று. அறமெய்க் மொழியிலும் இதன் இனச்சொல் உண்டு. அறபுச் சொல் அந்த மொழிகளின் வழி வந்தது என்று மேலைநாட்டு ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அறபு அகராதிக்காரர்கள் வாய்மை என்ற வேரிலிருந்தே அதை விளக்குகின்றனர். எப்படியாயினும், ஏழைக்குக் கொடுப்பதை இரக்கத்தோடு இணைக்காமல் வாய்மையோடும் நீதியோடும் இணைத்துப் பார்க்கும் ஒரு பழைய சிந்தனை இம்மொழிகளில் ஓடுகிறது. கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத்தில் வாழ்ந்து 1204-இல் மறைந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், கொடுத்தலை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் கோணிக் கொடுப்பது கடைசிப் படி. ஒருவருக்குக் கடனோ, கூட்டு வியாபாரமோ, வேலையோ கொடுத்து அவர் இனி யாரிடமும் கையேந்தாதபடி செய்வது முதற்படி.

அல்குர்ஆனில் ஸதகா என்ற சொல் வரும் இடங்களைப் பார்த்தால், இன்று நாம் போட்டுவைத்திருக்கும் வேலிகள் அங்கில்லை என்பது விளங்கும். ஸகாத் கடமை, ஸதகா விருப்பம் என்று மத்ரஸாவில் படிக்கிறோம். ஆனால் ஸகாத்தைப் பெறும் எட்டுக் கூட்டத்தாரைப் பட்டியலிடும் வசனம் (9:60) பயன்படுத்தும் சொல் ஸதகாத். மக்களின் செல்வத்திலிருந்து எடுத்து அவர்களைத் தூய்மைப்படுத்துமாறு நபிகளாருக்குக் கட்டளையிடும் வசனத்திலும் (9:103) ஸதகாவே வருகிறது. ஆரம்ப காலத்தில் கால்நடைக்கும் விளைச்சலுக்கும் உரிய பங்கைத் திரட்டப் போன அதிகாரிக்கு முஸத்திக் என்றொரு பெயர் இருந்தது. ஹிஜ்ரி 224-இல் மறைந்த அபூ உபைதின் கிதாபுல் அம்வால் போன்ற பழைய நிதி நூல்களிலும் இக்கடமையைக் குறிக்க ஸதகா என்ற சொல் தாராளமாக வருகிறது. 632-இல் நபிகளார் மறைந்தபின், தொழுவோம், ஆனால் மதீனாவுக்கு ஒன்றும் அனுப்பமாட்டோம் என்று சில கோத்திரங்கள் நின்றபோது அபூபக்கர் (ரழி) இணங்கவில்லை. நபிகளாரிடம் கொடுத்து வந்த ஓர் ஆட்டுக்குட்டியை மறுத்தாலும் போரிடுவேன் என்றார். ஏழையின் பங்கு ஆட்சியின் பொறுப்பாக நின்ற காலம் அது. சட்ட நூல்கள் பெருகப் பெருக, கடமைக்கு ஸகாத் என்றும் விருப்பத்துக்கு ஸதகா என்றும் பெயர்கள் பிரிந்தன. பிரித்தது வசதிக்காக. ஆனால் பிரிந்தபின் ஸதகா 'விரும்பினால் கொடு, இல்லாவிட்டால் விடு' என்ற நிலைக்கு இறங்கியது.

நிலையான சொத்தை இறைவழியில் நிறுத்திவைக்கும் வக்புக்கும் தொடக்கத்தில் ஸதகா என்ற பெயர் இருந்தது. கைபரில் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரழி) கேட்டபோது, நிலத்தை விற்காமல் நிறுத்திவைத்து அதன் பலனை ஸதகாவாக்கும்படி நபிகளார் ஆலோசனை சொன்னார்கள். ஸதகா ஜாரியா, அதாவது ஓடிக்கொண்டேயிருக்கும் ஸதகா என்று நாம் சொல்வது இந்த வழியில் வந்ததே. இலங்கையில் 1931-ஆம் ஆண்டின் 10-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 1956-ஆம் ஆண்டின் 51-ஆம் இலக்க வக்புச் சட்டமும் பாதுகாக்க முனைந்தது இந்தப் பழைய ஸதகாவைத்தான். பள்ளிவாசலின் கடையறை வாடகை ஒழுங்காக வருகிறதா, அது எவருக்குப் போகிறது என்று கேட்பவரும் ஸதகாவைப் பற்றித்தான் கேட்கிறார்.

ஒரு பக்கம் கடமையாகவும் சட்டமாகவும் விரிந்த சொல், மறுபக்கம் கையில் காசே இல்லாதவனுக்கும் உரியதாயிற்று. நன்மையான காரியம் ஒவ்வொன்றும் ஸதகா என்றார்கள் நபிகளார். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும், சகோதரனின் முகம் பார்த்துப் புன்னகைப்பதும், ஒருவன் சுமையைத் தூக்கிவிடக் கைகொடுப்பதும் ஸதகாவின் கணக்கில் சேரும். இதைச் சொற்பொழிவுகளில் இனிமையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். இதன் விளைவு பெரியது. ஏழை என்பவன் எப்போதும் வாங்குபவனே என்ற எண்ணத்தை இது உடைத்துவிடுகிறது. மழை நாளில் வழுக்கும் படியில் கொழுந்துக் கூடையோடு ஏறும் கிழவிக்குக் கைகொடுக்கும் லயத்துப் பையனும் கொடுப்பவர் வரிசையில் நிற்கிறான்.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. அது பரீரா என்ற பெண்ணின் கதை. அவர் விடுதலை பெற்ற அடிமைப் பெண். ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டோடு நெருக்கமானவர். ஒருநாள் அவருக்கு யாரோ ஸதகாவாக இறைச்சி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த நபிகளாருக்கு ரொட்டியும் வேறு கறியும் வைக்கப்பட்டன. இறைச்சி வேகும் சட்டியைக் கண்டேனே என்று அவர்கள் கேட்டார்கள். அது பரீராவுக்குக் கிடைத்த ஸதகா, தாங்கள் ஸதகா உண்பதில்லையே என்று வீட்டார் சொன்னார்கள். அது அவருக்கு ஸதகா, அவரிடமிருந்து நமக்கு அன்பளிப்பு என்று நபிகளார் பதில் கூறினார்கள்.

இந்தச் சிறு நிகழ்ச்சியைச் சட்ட அறிஞர்கள் உடைமை மாற்றத்துக்கு ஆதாரமாக எடுத்தார்கள். எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. ஸதகா என்ற பெயர், பொருளோடு என்றைக்கும் ஒட்டியிருப்பதில்லை. வாங்கியவரின் கைக்குப் போனதும் அது அவருடைய சொந்தப் பொருள். அதை அவர் விருந்தாக வைக்கலாம். உலகத்தின் மிக உயர்ந்த விருந்தாளிக்கும் வைக்கலாம். நேற்று அடிமையாயிருந்த பெண் இன்று நபியின் வீட்டுக்கு அன்பளிப்புச் செய்கிறார். நாமோ வருடத்துக்கு ஒருமுறை அரிசி கொடுத்த வீட்டில் பெருநாளன்று பிரியாணி வேகும் வாசம் வந்தால், 'நாம் கொடுத்ததில் ஆடம்பரம் பார்' என்று முணுமுணுக்கிறோம். கொடுத்த பின்னும் அந்தப் பொருள் நம்முடையதென்று நினைப்பதால் வரும் முணுமுணுப்பு அது. சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் ஸதகாக்களைப் பாழாக்காதீர்கள் என்ற இறைகட்டளை (2:264) இதையும் தடுக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். ஆசிரிய கலாசாலையில் இலக்கணம் படித்தபோது என் மனத்தில் ஆழப் பதிந்த தொல்காப்பியச் செய்தி ஒன்றுண்டு. ஈ, தா, கொடு என்ற மூன்றும் ஒன்றை வேண்டிக் கேட்கும் சொற்கள். ஆனால் தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். கேட்பவனின் நிலை கேட்கும் சொல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, வறியவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் திரும்பப் பெறும் நோக்கோடு கொடுப்பது என்று வரம்பு கட்டினார். நாம் நோன்புப் பெருநாளை ஈகைத் திருநாள் என்று அழகாக மொழிபெயர்த்திருக்கிறோம். அந்த மொழிபெயர்ப்பை நான் விரும்புகிறேன். ஆனால் ஈகை என்ற சொல்லில் கொடுப்பவர் மேட்டிலும் வாங்குபவர் பள்ளத்திலும் நிற்கிறார்கள். ஸதகாவில் கொடுப்பவர் தேர்வு எழுதுகிறார், வாங்குபவர் சாட்சியாக நிற்கிறார்.

தமிழில் அறம், வடமொழிவழி வந்த தர்மம் இரண்டும் ஸதகாவைப் போலவே பயணம் செய்திருக்கின்றன. தர்மம் என்பது உலகைத் தாங்கும் ஒழுங்கு, நீதி, கடமை. அச்சொல் இறங்கி இறங்கி, 'தர்மம் போடுங்கய்யா' என்று பஸ் நிலையத்தில் கேட்கும் குரலில் வந்து நிற்கிறது. அறமும் அப்படியே. நீதியைக் குறித்த சொற்கள் கடைசியில் பிச்சையைக் குறிப்பது ஹீப்ருவிலும் அறபிலும் தமிழிலும் நடந்திருக்கிறது. நீதியைச் செய்வது கடினம், நாணயம் போடுவது எளிது. கடினமானதன் பெயரை எளியதற்குச் சூட்டிக்கொள்வது மனித இயல்பு போலும்.

தமிழ் முஸ்லிம்களின் நினைவில் கொடைக்கு ஒரு முகம் கொடுக்கச் சொன்னால் கீழக்கரை சீதக்காதியின் முகமே வரும். ஷெய்கு அப்துல் காதிர் என்ற பெயரைத் தமிழ் நாக்கு சீதக்காதி ஆக்கிற்று. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தக் கடல் வணிகர், இறந்த பின்னும் கொடுத்தவர் என்று புகழப்படுகிறார். வள்ளல் என்பவருக்குப் பாட ஒரு புலவர் வேண்டும். அது தமிழ் மரபு. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுப்பதே ஸதகாவில் உயர்ந்தது. இது நபிவழி. இரண்டும் நமக்குள் இருக்கின்றன. பள்ளிவாசலின் மின்விசிறி இறக்கையில் கொடுத்தவர் பெயரை எழுதும்போது நாம் எந்த மரபில் நிற்கிறோம் என்று யோசிக்கலாம்.

மொழிபெயர்ப்பு எப்படிப் பொருளைத் திருப்பிவிடும் என்பதற்கு வகுப்பறையிலிருந்து ஓர் உதாரணம். ஸகாத் என்பதைத் தமிழில் 'ஏழைவரி' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. ஐந்து கடமைகளை விளக்கிக்கொண்டிருந்தபோது தோட்டத்துப் பிள்ளையொருத்தி எழுந்து, "சேர், ஏழைங்க கட்டுற வரியா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் கேட்டதில் இலக்கணப் பிழை இல்லை. காணிவரி காணிக்கு, வருமானவரி வருமானத்துக்கு என்றால் ஏழைவரி ஏழைக்குத்தானே? ஸகாத் என்ற அறபுச் சொல்லில் ஏழையும் இல்லை, வரியும் இல்லை. வளர்ச்சி, தூய்மை என்பவையே அதன் வேர்ப்பொருள். நாற்பதில் ஒன்றைக் கொடுக்கும்போது தூய்மையடைவது மீதி முப்பத்தொன்பது. அங்கேயும் பெயர் கொடுப்பவரின் நிலையைத்தான் சொல்கிறது.

ஸதகா என்ற சொல் வணிகத்தோடும் மார்க்கத்தோடும் உலகெங்கும் போயிருக்கிறது. துருக்கியில் சதகா, உருதுவில் சத்கா, கிழக்காபிரிக்க சுவாஹிலியில் சதாகா. சுவாஹிலி பேசும் கிறிஸ்தவர்கள் தேவாலயக் காணிக்கையையும் அப்படியே சொல்கிறார்கள். மலாய் மொழியில் அது செடெக்கா. ஜாவாவில் விளைச்சலுக்கு நன்றி சொல்லி ஊர் கூடி உண்ணும் விழாவுக்குப் பெயர் செடெக்கா பூமி, அதாவது மண்ணின் ஸதகா.

இந்த மலைநாட்டுக்கு ஸதகா என்ற சொல் பல வழிகளில் ஏறிவந்தது. 1873-இல் இலங்கை றைபிள் படைப்பிரிவு கலைக்கப்பட்டபோது அதில் இருந்த மலாயர் பலர் பொலிஸிலும் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். செடெக்கா அவர்களோடு வந்தது. 1885-இல் நானுஓயா வரை ரயில் பாதை போடப்பட்டது. சில ஆண்டுகள் அதுவே பாதையின் கடைசி நிலையம். கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம். கண்டிச் சீமைச் சோனகரும் தென்னிந்திய முஸ்லிம் வணிகரும் ரயில் நிலையங்களையும் தோட்டப் பாதைகளையும் ஒட்டிக் கடை வைத்தார்கள். அரிசி, கருவாடு, துணி, மண்ணெண்ணெய் என்று தோட்ட மக்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைத்தன, பெரும்பாலும் கடனுக்கு. மலையகத்தில் முஸ்லிமுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இடையே எழுதப்பட்ட முதற்புத்தகம் கடைக் கடன் கொப்பிதான்.

அந்தக் கொப்பிக்கும் ஸதகாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்லும் வசனம் (2:280), அக்கடனை விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்கிறது. விட்டுக்கொடுப்பதைக் குறிக்க அங்கே வரும் வினைச்சொல் ஸதகாவிலிருந்து பிறந்தது. ஆகவே கடைக்காரர் கொப்பியில் ஒரு கோடு இழுத்து ஒரு கணக்கை மூடினால் அதுவே ஸதகா. வாசலில் யாரும் கை நீட்டவில்லை, யாரும் பார்க்கவில்லை, கடன்பட்டவர் தலைகுனியவில்லை. 2022-இல் பொருளாதாரம் சரிந்து மா, அரிசி விலைகள் ஏறியபோது மலையகக் கடைகளில் கடன் கொப்பிகள் தடித்தன. அந்தக் காலத்தில் சத்தமில்லாமல் கோடு இழுத்தவர்களும் உண்டு. கொப்பியை வாசலில் வைத்து உரக்கப் படித்தவர்களும் உண்டு.

தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர், அவர்களுக்கு ஸதகா உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபின்படி கடமையான ஸகாத் முஸ்லிம்களுக்கு உரியது. விரும்பிக் கொடுக்கும் ஸதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. இஸ்லாத்தை ஏற்காத உறவினருக்குக் கொடுக்கத் தயங்கியவர்களின் தயக்கத்தை நீக்கவே 2:272 வசனம் இறங்கியதாக விரிவுரையாளர் கூறுவர். கையேந்திய முதிய யூதர் ஒருவரைக் கண்ட உமர் (ரழி) அவருக்குப் பொதுநிதியிலிருந்து உதவ ஆணையிட்ட செய்தியை அபூ யூசுஃப் தம் கிதாபுல் கராஜில் பதிவு செய்திருக்கிறார். இங்கே வெசாக் காலத்தில் தன்சல் வைக்கும் சிங்கள மக்கள், வரிசையில் நிற்பவர் எந்த மதம் என்று கேட்பதில்லை. தானசாலை என்பதே தன்சல் ஆயிற்று. மழையில் நனைந்து நடந்து வந்து ஒரு கோப்பை கொத்தமல்லிக் கஷாயம் வாங்கிக் குடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பெயர் வைப்பதில் அரசும் பொதுமக்களும் செய்யும் கொடுமையையும் சொல்ல வேண்டும். வயது முதிர்ந்தோருக்கும் ஆதரவற்றோருக்கும் அரசு கொடுத்துவந்த பொதுசன மாதாந்த உதவிப் பணத்தை ஊரில் 'பிச்சைச் சம்பளம்' என்பார்கள். சிங்களத்தில் 'பின் படி', புண்ணியத்துக்குக் கொடுக்கும் படி. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக்கொடுத்த ஒரு தாய் முதுமையில் பெறும் தொகைக்குப் பெயர் பிச்சை! 2023-இல் தொடங்கிய அஸ்வெசும ஆறுதல் என்ற பொருளோடு வந்திருக்கிறது. பெயர் பரவாயில்லை. ஆனால் தான் ஏழைதான் என்று நிரூபிக்க அவர் எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது? யாசிப்பவருக்கும், யாசிக்காமல் இருக்கும் வறியவருக்கும் செல்வத்தில் ஒரு பங்கு உரிமையாக உண்டு என்று குர்ஆன் இரண்டு இடங்களில் (51:19, 70:24-25) சொல்கிறது. உரிமை என்ற பொருளில் அங்கே வரும் சொல் ஹக். பிச்சைக்கும் ஹக்குக்கும் இடையில் உள்ள தூரமே நாம் நடக்க வேண்டிய தூரம்.

அந்தத் தூரத்தை நடக்காததற்கு மனித உயிர்கள் விலையாகியிருக்கின்றன. 2020 மே 21, கொரோனா முடக்கத்தின் நடுவே, பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கையில், கொழும்பு மாளிகாவத்தையில் ஒருவர் பணம் பகிர்ந்தார். கூடிய நெரிசலில் மூன்று பெண்கள் இறந்தார்கள். 2008 செப்டம்பரில் கிழக்கு ஜாவாவின் பசுருவான் நகரில் ஸகாத் வாங்க நெருக்கிய கூட்டத்தில் 21 பெண்கள் இறந்தார்கள். 2023 ஏப்ரலில் யெமன் தலைநகர் ஸன்ஆவில் ரமழான் உதவி பெற வந்தவர்களில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்று நாடுகள், ஒரே காட்சி. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏழைகள் என் வாசலுக்கு வந்து நிற்கட்டும் என்ற ஏற்பாட்டிலேயே குறை இருக்கிறது. முஸத்திக் ஸதகாவைத் தேடிக் கொடுப்பவரின் வாசலுக்குப் போனார். நாம் வாங்குபவரை வாசலுக்கு வரவழைத்து வரிசையில் நிறுத்திவிட்டோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டு வீடிழந்தவர்கள் நின்ற நேரத்திலும், பொதியோடு கமராவும் வந்ததைப் பார்த்தோம். ஒரு பிள்ளை தன் தாய் பொதி வாங்கும் படத்தைக் கைபேசியில் பார்ப்பதற்கும், கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதற்கும் என்ன வேறுபாடு?

இறுதியாக, இந்த வேரில் பிறந்து நாம் மறந்தேபோன இன்னொரு சொல்லைச் சொல்கிறேன். மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹருக்குக் குர்ஆன் ஓரிடத்தில் (4:4) ஸதுகாத் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. ஸதாக் என்றாலும் அதுவே. உன்னை மணப்பதில் நான் உண்மையாயிருக்கிறேன் என்பதற்கு ஆண் கொடுக்கும் சான்று. ஆனால் நம் சமூகத்தில் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. கைக்கூலி என்பது 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே இடம்பெறும் அளவுக்கு ஊறிய வழக்கம். விளைவு என்ன? 'குமர் காரியம்' என்று எழுதி, பள்ளி நிர்வாகம் ஒப்பமிட்ட கடிதத்தோடு ஒரு தகப்பன் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கும், தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கும் பள்ளி பள்ளியாக அலைகிறார். ஜும்ஆவுக்குப் பின் அறிவித்தல் செய்கிறார்கள். அவர் வாசலில் துண்டை விரித்து நிற்கிறார். நாம் சதக்கா போடுகிறோம். ஆண் கொடுக்க வேண்டிய ஸதாக்கைக் கொடுக்காமல் கைக்கூலி கேட்பதால் தகப்பன் ஸதகா கேட்கிறார். ஒரே வேரின் ஒரு கிளையை வெட்டிவிட்டு மற்றக் கிளையில் தொங்குகிறோம். அந்தத் துண்டில் விழும் காசில் ஒரு பகுதி, கைக்கூலி வாங்கிக் கலியாணம் முடித்தவர்களின் பையிலிருந்தும் வருகிறது.

அப்படியானால் கொடுப்பதை நிறுத்துவதா? இல்லை. இன்று கை நீட்டுபவருக்கு இன்று கொடுக்கத்தான் வேண்டும், சொல்லாராய்ச்சி அவர் பசியைத் தீர்க்காது. ஆனால் அதோடு நின்றுவிட முடியாது. ஊர்ப் பள்ளிவாசல் ஸகாத்தைக் கூட்டாகத் திரட்டி, யாருக்குப் போகிறதென்று வெளியில் தெரியாமல் வீட்டில் சேர்ப்பிக்கலாம். பித்ரா அரிசியைப் பெருநாள் காலையில் பிள்ளைகள் பார்க்க நீட்டாமல் முந்திய இரவே கொண்டுபோய் வைக்கலாம். கடைக்காரர் கொப்பியைத் திறந்து தீர்க்க முடியாத இரண்டு கணக்குகளைத் தேடலாம். கைக்கூலி கேட்கும் வீட்டாரிடம், உன் ஸதாக் எங்கே என்று ஒரு மௌலவி மிம்பரில் நின்று கேட்கலாம். இவை எதுவும் புதிதல்ல. சில ஊர்களில் நடப்பவைதான்.

ஸதகா வாங்குபவரின் வறுமைக்கு வைத்த பெயரன்று. கொடுப்பவரின் வாய்மைக்கு வைத்த பெயர். அதை இவ்வாறு புரிந்துகொண்டால், எதிரே நிற்பவர் எவ்வளவு ஏழை என்று துருவிக் கேட்பதை விட்டுவிடுவோம். நாம் எவ்வளவு உண்மையாயிருக்கிறோம் என்ற கேள்வியே மிஞ்சும். பரீராவின் சட்டியில் வெந்த இறைச்சியை யார் கொடுத்தார் என்று வரலாறு குறித்துவைக்கவில்லை. வாங்கியவரின் பெயரை மட்டும் பதினான்கு நூற்றாண்டுகளாகக் கண்ணியத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிறது.